கியூப்அட்மின் கிளஸ்டர் சில நிமிடத்துக்கு ஒரு முறை விழுகிறது (உபுண்டு 22.04, கன்டெய்னர்டி)

தறிக்காரன் | செவ்வாய், இரவு 10:12

வணக்கம். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், உதவி வேண்டும்.

ஆபீசில் சும்மா கிடந்த டெஸ்க்டாப் இரண்டு. தலா 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, உபுண்டு 22.04. அப்ளிகேஷன்களைக் கன்டெய்னர்களில் அடைத்துப் பல மெஷின்களில் ஓட்டும் குபர்நெட்டிஸ் 1.30-ஐ, அதை நிறுவும் கருவியான கியூப்அட்மின் வைத்துப் போட்டேன். ஒன்று கன்ட்ரோல் பிளேன் (கிளஸ்டரை நடத்துவது), இன்னொன்று வொர்க்கர் (அப்ளிகேஷன் ஓடுவது). மூன்றாவது மெஷின் இந்த வாரம் வரும். கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டியை உபுண்டுவின் ஆப்ட் ரெப்போவிலிருந்தே எடுத்தேன்.

கிளஸ்டரைத் தொடங்கும் இனிட் கட்டளை அழகாக முடிகிறது. நோடு (மெஷின்) பட்டியல் கேட்டால் வருகிறது. மூன்று நான்கு நிமிடம் எல்லாம் நன்றாக ஓடும். பிறகு, கட்டளைகள் போய்ச் சேரும் ஏபிஐ சர்வரின் "6443 போர்ட், கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு". கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்து வரும், மறுபடி விழும். விழும் இடைவெளியும் ஒரே மாதிரி இல்லை. சில சமயம் ஒரு நிமிடத்தில் திரும்புகிறது, சில சமயம் ஐந்து நிமிடம் ஆகிறது.

செய்து பார்த்தவை: ஃபயர்வாலை நிறுத்தினேன். ஸ்வாப்பை அணைத்து எஃப்எஸ்டேபிலிலும் கமென்ட் செய்துவிட்டேன். ரீசெட் போட்டு மறுபடி இனிட், மூன்று தடவை. நேரம் மாறிப் போயிருக்குமோ என்று என்டிபி கூடப் பார்த்துவிட்டேன்.

(இந்தப் பகுதியில் தமிழ் எழுத்து மட்டும் என்பதால் கட்டளைகளை எல்லாம் இப்படி எழுத வேண்டியிருக்கிறது. படிக்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

---

பழைய_சர்வர் | செவ்வாய், இரவு 10:31

தம்பி, முதலில் ஒரு கேள்வி. இரண்டு டெஸ்க்டாப்பில் குபர்நெட்டிஸ் எதற்கு? எத்தனை அப்ளிகேஷன் ஓட வேண்டும்?

---

தறிக்காரன் | செவ்வாய், இரவு 10:35

மூன்றுதான் அண்ணே. ஜாவாவில் ஒரு பில்லிங், ஒரு ரிப்போர்ட் சர்வீஸ், அப்புறம் ஒரு சின்ன வெப். டேட்டாபேஸ் தனி மெஷினில் வெளியே இருக்கிறது.

---

பழைய_சர்வர் | செவ்வாய், இரவு 10:44

மூன்று அப்ளிகேஷனுக்கு டாக்கர் கம்போஸ் போதும். ஒரு யாமல் கோப்பு, ஒரு கட்டளை, வேலை முடிந்தது. கொசுவை அடிக்க பீரங்கி இழுத்து வருகிறீர்கள்.

---

மேகமூட்டம் | செவ்வாய், இரவு 10:58

பழைய_சர்வர் அண்ணே, ஒவ்வொரு இழையிலும் இதையேதான் சொல்றீங்க. அவர் கற்றுக்கொள்ளணும்னு நினைக்கிறார், விடுங்களேன்.

தறிக்காரன் ப்ரோ, டிஸ்க்காக இருக்கலாம். எட்சிடி, அதாவது கிளஸ்டரின் நிலையைச் சேமிக்கும் டேட்டாபேஸ், ஒவ்வொரு பதிவையும் எஃப்சிங்க் செய்து டிஸ்க்கில் இறங்கிய பிறகுதான் "ஆச்சு" என்று சொல்லும். டிஸ்க் மெதுவாக இருந்தால் ஹார்ட்பீட் தவறும், ஏபிஐ சர்வர் தடுமாறும். 99 சதவீத எஃப்சிங்க் 10 மில்லிசெகண்டுக்குள் முடிய வேண்டும் என்பது எட்சிடிக்காரர்கள் சொல்லும் கணக்கு. பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிளஸ்டர் போட்டு நானே அழுதிருக்கிறேன்.

---

தறிக்காரன் | செவ்வாய், இரவு 11:05

ரெண்டுமே எஸ்எஸ்டிதான் ப்ரோ. டிஸ்க் வேகம் அளக்கும் எஃப்ஐஓ ஓட்டிப் பார்த்தேன், 2 மில்லிசெகண்டுக்குள்தான் வருகிறது.

---

யாழ்_கணினி | செவ்வாய், இரவு 11:20

எட்சிடியின்ர லொக்கை ஒருக்கா பாருங்கோ. ஏபிஐ சேர்வர் விழுந்து கிடக்கேக்க கியூப்கன்ட்ரோல் உதவாது, அது ஏபிஐ சேர்வரோடதானே கதைக்கிறது. அந்த நேரத்தில கன்டெய்னர்டியோட நேராக் கதைக்கிற சிஆர்ஐகன்ட்ரோல் வேணும். பிஎஸ் மைனஸ் ஏ எண்டு குடுத்தால் செத்த கொன்டெய்னரும் சேர்ந்து வரும். அதின்ர ஐடியை எடுத்து லொக்ஸ் கேளுங்கோ. கடைசிப் பத்து வரியை இங்க போடுங்கோ.

ஒவ்வொரு மெஷினிலயும் கொன்டெய்னர்களைக் கவனிக்கிற கியூப்லெட்டின்ர லொக்கையும் ஜேர்னல்கன்ட்ரோலில எடுங்கோ. "சாண்ட்பாக்ஸ் மாறிவிட்டது, கொன்று மறுபடி உருவாக்கப்படும்" எண்ட மாதிரி ஒரு வரி திருப்பித் திருப்பி வருதோ?

---

தறிக்காரன் | புதன், காலை 7:50

நீங்கள் சொன்ன சாண்ட்பாக்ஸ் வரி கியூப்லெட் லாகில் நூறு தடவைக்கு மேல் இருக்கிறது!

எட்சிடி லாகின் கடைசியில் எரர் எதுவுமே இல்லை. "சிக்னல் கிடைத்தது, மூடுகிறேன்" என்று ஒரு வரி, சிக்னலின் பெயர் டெர்மினேட்டட். அத்தோடு சரி. ஏபிஐ சர்வர் லாகிலோ எட்சிடியைத் தொட முடியவில்லை என்று ஒரே புலம்பல்.

---

யாழ்_கணினி | புதன், காலை 8:15

அப்ப விடை கையில இருக்கு. எட்சிடி தானாச் சாகேல்லை, ஆரோ கொல்லுறாங்கள். டிஸ்க் பிழை, டேட்டா பழுது எண்டால் எட்சிடி கத்திப்போட்டுத்தான் விழும். இது வெளியில இருந்து டெர்ம் சிக்னல் வந்து ஒழுங்கா மூடிப்போட்டுப் போயிருக்கு. கொல்லுறது கியூப்லெட். ஏன் எண்டதுக்கு ஒரு கேள்வி: இடிசிக்குள்ள கன்டெய்னர்டி அடைவில கொன்பிக் டொட் டொமல் கோப்பு இருக்கோ?

---

தறிக்காரன் | புதன், காலை 8:22

அந்த அடைவே இல்லை.

---

நள்ளிரவு_ரூட் | புதன், காலை 9:40

யாழ்_கணினி பிடித்துவிட்டார். எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்து எழுந்த குழிதான் இது. பின்னால் வருபவர்களுக்கும் ஆகட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் லினக்ஸ் கர்னலில் கிடையாது. ஒரு ப்ராசஸை நேம்ஸ்பேஸ் போட்டு மறைத்து, சிகுரூப் போட்டு அளவு கட்டினால் அதைத்தான் கன்டெய்னர் என்கிறோம். இந்த ப்ராசஸுக்கு இவ்வளவு மெமரி, இவ்வளவு சிபியு என்று கணக்கு வைப்பது சிகுரூப். கர்னல் அதை ஒரு அடைவு மரம் போலக் காட்டும்.

அந்த மரத்தில் எழுத இரண்டு வழி உண்டு. நேராகப் போய் அடைவு உருவாக்கி எழுதுவது ஒன்று, இதற்கு சிகுரூப்எஃப்எஸ் டிரைவர் என்று பெயர். சிஸ்டம்டியிடம் "எனக்கு ஒரு ஸ்லைஸ் போட்டுக் கொடு" என்று கேட்பது இன்னொன்று, அது சிஸ்டம்டி டிரைவர். உபுண்டுவில் முதலில் எழுந்து எல்லா சர்வீஸையும் நடத்துவதே சிஸ்டம்டி. அந்த மரம் முழுக்கத் தன் சொத்து என்றுதான் அது நினைக்கும்.

கியூப்அட்மின் 1.22-லிருந்து, நாம் எதுவும் சொல்லாவிட்டால் கியூப்லெட்டை சிஸ்டம்டி டிரைவரில்தான் வைக்கிறது. கன்டெய்னர்டியோ, கன்ஃபிக் கோப்பு இல்லாவிட்டால், சிகுரூப்எஃப்எஸ்ஸில் ஓடும். ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளை, இரண்டு பேரேடு. கியூப்லெட் தன் பேரேட்டைப் பார்த்து "இந்த பாட் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர் தொகுதி) இருக்க வேண்டிய இடத்தில் இல்லையே" என்று கொன்றுவிட்டு மறுபடி உருவாக்கும். எட்சிடி போனால் ஏபிஐ சர்வர் போகும், அது போனால் எல்லாம் போகும்.

பழைய உபுண்டுவில் இதே குளறுபடியோடு மாதக்கணக்கில் ஓடிய கிளஸ்டர்கள் உண்டு. லோடு ஏறும்போதுதான் ஆட்டம் காணும். 22.04-இல் சிகுரூப் இரண்டாம் பதிப்பு இயல்பாகவே வருவதால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு வகையில் நல்லதுதான்.

இடைவெளி மாறுகிறது என்று சொல்லியிருந்தீர்கள். அது க்ராஷ்லூப் பேக்ஆஃப். முதல் தடவை விழுந்தால் 10 செகண்ட் காத்திருந்து எழுப்பும். அடுத்து 20, 40 என்று இரட்டித்துக்கொண்டே போய் 5 நிமிடத்தில் நிற்கும். நடுவில் 10 நிமிடம் விழாமல் ஓடினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

செய்ய வேண்டியது: கன்டெய்னர்டியிடம் கன்ஃபிக் டிஃபால்ட் என்று கேட்டால் முழுக் கோப்பையும் திரையில் கொட்டும். அதை அப்படியே கன்ஃபிக் டாட் டாமலில் திருப்பிவிடுங்கள். அதில் சிஸ்டம்டிசிகுரூப் என்று ஒரு வரி ஃபால்ஸ் என்று இருக்கும், ட்ரூ ஆக்குங்கள். கன்டெய்னர்டியையும் கியூப்லெட்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். எல்லா நோடிலும் செய்ய வேண்டும். கன்ட்ரோல் பிளேனில் மட்டும் செய்துவிட்டு வொர்க்கரை மறப்பதும் வழக்கம்.

---

மேகமூட்டம் | புதன், காலை 9:58

அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டாக்கரின் ரெப்போவிலிருந்து கன்டெய்னர்டி போட்டவர்களுக்கு இதே இடத்தில் வேறு வம்பு. அந்தப் பொதியோடு கன்ஃபிக் கோப்பு வரும், ஆனால் அதில் கியூப்லெட் கன்டெய்னர்டியோடு பேசும் வழியான சிஆர்ஐ ப்ளகினையே முடக்கி வைத்திருப்பார்கள். டாக்கருக்கு அது தேவையில்லை, குபர்நெட்டிஸுக்கு அது இல்லாமல் முடியாது. அவர்களுக்கு இனிட்டே ஓடாது. குபர்நெட்டிஸ் 1.24-இல், டாக்கரை நேராகப் பயன்படுத்த உதவிய டாக்கர்ஷிம்மைத் தூக்கினார்களே, 2022-இல், அப்போது இந்த ஒரு வரிக்காக எங்கள் டீம் முழுக்க ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தது.

---

தறிக்காரன் | புதன், மதியம் 1:05

நின்றுவிட்டது! இரண்டு மணி நேரமாக ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லை. யாழ்_கணினி அண்ணா, நள்ளிரவு_ரூட் அண்ணா, இருவருக்கும் கோடி நன்றி. மூன்று நாளாக நான் ஃபயர்வாலையே திட்டிக்கொண்டிருந்தேன்.

---

பழைய_சர்வர் | புதன், மதியம் 1:30

கம்போஸில் சிகுரூப் டிரைவர் என்ற சொல்லையே தெரிந்துகொள்ளாமல் வேலை முடிந்திருக்கும். பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

---

தறிக்காரன் | வியாழன், மாலை 6:40

மன்னிக்கவும், மறுபடி வந்துவிட்டேன். மூன்றாவது மெஷின் வந்தது. முதலில் ஜாயின் ஆகவே இல்லை. டோக்கன் 24 மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும் என்று தேடிக் கண்டுபிடித்து, டோக்கன் கிரியேட் போட்டுப் புது ஜாயின் கட்டளை வாங்கினேன். இப்போது சேர்ந்துவிட்டது. ஆனால் இந்த நோடில் மட்டும் கியூப் ப்ராக்சியும் கேலிகோவும் (இரண்டும் நெட்வொர்க் வேலை பார்ப்பவை) விழுந்து விழுந்து எழுகின்றன. பழைய கதைதான்.

சத்தியமாக கன்ஃபிக் போட்டேன். சிஸ்டம்டிசிகுரூப் ட்ரூ என்று கோப்பில் கண்ணால் பார்க்கிறேன். மற்ற இரண்டிலும் அமைதியாக ஓடுகிறது.

---

நள்ளிரவு_ரூட் | வியாழன், இரவு 7:15

மூன்று மெஷினிலும் கன்டெய்னர்டி வர்ஷன் என்ன?

---

தறிக்காரன் | வியாழன், இரவு 7:22

முதல் இரண்டில் 1.7. மூன்றாவதில் 2.0. புதிதாக இருக்கட்டுமே என்று வெளியீட்டுப் பக்கத்திலிருந்து டார்பால் இறக்கிப் போட்டேன். டிஃபால்ட் கன்ஃபிக் எடுத்துக்கொண்டு, பழைய மெஷினின் கோப்பில் சிஸ்டம்டிசிகுரூப் வரி இருந்த ரன்சி ஆப்ஷன்ஸ் பகுதியைக் கடைசியில் ஒட்டினேன். இதில் தப்பு இருக்கிறதா?

---

நள்ளிரவு_ரூட் | வியாழன், இரவு 7:41

இருக்கிறது. கன்டெய்னர்டி 2.0-இல், 2024 நவம்பரில், கன்ஃபிக் கோப்பின் வடிவமே மாறியது. கோப்பின் தலையில் வர்ஷன் 3 என்று இருக்கும், பாருங்கள். பழைய கோப்பில் வர்ஷன் 2. பழையதில் எல்லாம் ஜிஆர்பிசி வி1 சிஆர்ஐ என்ற ஒரே ப்ளகின் தலைப்புக்குக் கீழே கிடந்தது. புதியதில் அதைப் பிரித்துவிட்டார்கள். ரன்டைம் சம்பந்தப்பட்டவை சிஆர்ஐ வி1 ரன்டைம் என்ற தலைப்புக்கும், இமேஜ் சம்பந்தப்பட்டவை சிஆர்ஐ வி1 இமேஜஸ் என்பதற்கும் போய்விட்டன.

வர்ஷன் 2 என்று போட்ட முழுப் பழைய கோப்பைக் கொடுத்திருந்தால் 2.0 அதை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் வர்ஷன் 3 கோப்பில் பழைய தலைப்பை ஒட்டியதால், தெரியாத வரி என்று ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போய்விட்டது. உண்மையான இடத்தில் ஃபால்ஸ் ஃபால்ஸாகவே இருக்கிறது.

கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பயனில்லை. கன்டெய்னர்டி என்ன புரிந்துகொண்டது என்று பாருங்கள். கன்ஃபிக் டம்ப் என்று கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்து, கடைசியில் நடைமுறையில் இருப்பதைக் காட்டும்.

---

தறிக்காரன் | வியாழன், இரவு 8:03

டம்ப் எடுத்தேன். ஃபால்ஸ்! ஒட்டியதை அழித்துவிட்டு ரன்டைம் தலைப்புக்குக் கீழே மாற்றினேன். அடங்கிவிட்டது.

---

மேகமூட்டம் | வியாழன், இரவு 8:20

இந்த டிரைவர் பொருத்தம் பார்க்கும் வேலையை இனி நாம் செய்ய வேண்டியதில்லை. 1.31-லிருந்து கியூப்லெட்டே கன்டெய்னர்டி 2-ஐக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அப்கிரேட் செய்யுங்கள் ப்ரோ.

---

நள்ளிரவு_ரூட் | வியாழன், இரவு 8:34

பாதி சரி. கேட்டுத் தெரிந்துகொண்டால் இருவரும் ஒரே டிரைவரில் இருப்பார்கள், சண்டை வராது. ஆனால் கன்டெய்னர்டி சிகுரூப்எஃப்எஸ் என்று சொன்னால் கியூப்லெட்டும் அதற்கே போய்விடும். அப்போது கியூப்லெட்டும் கன்டெய்னர்டியும் ஒரு பேரேடு, சிஸ்டம்டி தனிப் பேரேடு. உபுண்டுவில் சிஸ்டம்டி டிரைவர்தான் சரி. அந்த ஒரு வரியை ட்ரூ ஆக்கும் வேலை எப்படியும் நம்முடையதுதான்.

---

தறிக்காரன் | வெள்ளி, காலை 11:10

பில்லிங்கை டிப்ளாய் செய்தேன். பாட் ஓடுகிறது. ஆனால் டேட்டாபேஸைத் தொட முடியவில்லை, டைம்அவுட். டேட்டாபேஸ் 192.168.1.50. நோடிலிருந்து பிங் போகிறது, பாடுக்குள்ளிருந்து போகவில்லை. இன்டர்நெட் மட்டும் பாடிலிருந்தும் போகிறது! இது என்ன மாயம்?

---

யாழ்_கணினி | வெள்ளி, காலை 11:32

இனிட் குடுக்கேக்க பொட் நெட்வேர்க் எண்டு என்ன குடுத்தனீங்கள்? கேலிகோவின்ர வழிகாட்டியில கிடந்த 192.168.0.0/16-ஐ அப்பிடியே குடுத்தனீங்களோ?

---

தறிக்காரன் | வெள்ளி, காலை 11:34

...ஆமாம் அண்ணா.

---

யாழ்_கணினி | வெள்ளி, மதியம் 12:05

உங்கட ஒஃபிஸ் நெட்வேர்க் 192.168.1-இல. அது அந்தப் பெரிய வட்டத்துக்குள்ள விழுகுது. பொட்டில இருந்து வெளியில போற பக்கெட்டுக்குக் கேலிகோ நாட் செய்து நோட்டின்ர ஐபியைப் போட்டு அனுப்பும். ஆனால் தன்ர பூலுக்கு (பொட் ஐபி வட்டத்துக்கு) வெளியில போறதுக்கு மட்டுந்தான். 192.168.1.50-ஐப் பார்த்திட்டு "இதுவும் எங்கட பொட்தானே" எண்டு நினைச்சு நாட் செய்யாமல் விட்டிடும். பக்கெட் பொட்டின்ர ஐபியோட டேட்டாபேஸுக்குப் போய்ச் சேரும். பதில் அனுப்ப டேட்டாபேஸ் மெஷினுக்கு வழி தெரியாது. இன்டர்நெட் ஐபி பூலுக்கு வெளியில எண்டபடியால் அது போகுது. மாயம் ஒண்டும் இல்லை.

இன்னும் டேட்டா ஒண்டும் உள்ள இல்லைத்தானே? ரீசெட் அடிச்சுப்போட்டு 10.244.0.0/16 குடுத்துத் திருப்பி ஏத்துங்கோ. ஓடுற கிளஸ்டரில பூல் மாத்துறது பெரிய சிலுவை. ரீசெட் ஐபிடேபிள்ஸ் விதிகளையும் சிஎன்ஐ (பொட் நெட்வேர்க் அமைப்பு) அடைவையும் துடைக்காது, அதை நீங்கள் கையால துடைக்கோணும்.

---

தறிக்காரன் | வெள்ளி, மாலை 4:48

நான்காவது ரீசெட். இப்போது கண்ணை மூடிக்கொண்டு செய்கிறேன். டேட்டாபேஸ் கிடைத்துவிட்டது.

---

தறிக்காரன் | சனி, இரவு 9:15

கடைசிக் கேள்வி, நிஜமாகவே கடைசி. பில்லிங் பாடுக்கு மெமரி லிமிட் 1 ஜிபி, சிபியு லிமிட் 200எம் போட்டேன். மெமரி தாராளமாக மிச்சம் இருக்கும்போதே ஜாவா ஹீப் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) போதவில்லை என்கிறது. அதோடு ஒரு பில் அடிக்க மூன்று நான்கு செகண்ட் ஆகிறது. டாக்கரில் நேராக ஓட்டியபோது உடனே வந்தது. நோடில் சிபியு 10 சதவீதம்கூட ஓடவில்லை.

---

மேகமூட்டம் | சனி, இரவு 9:40

ஹீப்: ஜாவா கன்டெய்னருக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டு, லிமிட்டில் 25 சதவீதத்தைத்தான் தானாக ஹீப்புக்கு எடுக்கும். 1 ஜிபியில் 256 எம்பி. மேக்ஸ்ராம்பர்சென்டேஜை 70 அளவில் வையுங்கள். நூறு வைக்காதீர்கள். ஹீப்புக்கு வெளியே த்ரெட் ஸ்டேக், மெட்டாஸ்பேஸ் என்று ஜாவாவுக்கு நிறைய செலவு உண்டு. லிமிட்டைத் தாண்டினால் கர்னல் கொன்றுவிடும், 137 என்று எழுதி வைத்துவிட்டுப் போகும். 128-உம் கில் சிக்னல் 9-உம் சேர்ந்தது அந்த 137.

சிபியு: 200எம் என்றால் ஒரு கோரில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அது சராசரியாகக் கிடைக்காது, தவணையாகத்தான் கிடைக்கும். கர்னல் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை 20 மில்லிசெகண்ட் கொடுக்கும். உங்கள் ஜாவாவில் நான்கு த்ரெட் ஒரே நேரத்தில் ஓடினால் அந்த 20-ஐ 5 மில்லிசெகண்டில் தின்று தீர்த்துவிடும். மிச்சம் 95-க்கு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். நோடு காலியாக இருந்தாலும் கொடுக்காது. சிபியு லிமிட்டைத் தூக்குங்கள், ரிக்வெஸ்ட்டை (குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று கேட்கும் அளவை) மட்டும் வையுங்கள்.

---

பழைய_சர்வர் | சனி, இரவு 10:02

லிமிட்டை மொத்தமாகத் தூக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த ரிப்போர்ட் சர்வீஸ் மாதக் கடைசியில் எல்லா கோரையும் விழுங்கும், எழுதித் தருகிறேன்.

---

நள்ளிரவு_ரூட் | சனி, இரவு 10:25

விழுங்கட்டுமே அண்ணே. போட்டி வரும்போது கர்னல் ரிக்வெஸ்ட் விகிதத்தில்தான் பங்கு பிரிக்கும். பில்லிங்குக்கு 500எம், ரிப்போர்ட்டுக்கு 100எம் என்று ரிக்வெஸ்ட் இருந்தால் இருவரும் முட்டிக்கொள்ளும்போது ஐந்துக்கு ஒன்று. போட்டி இல்லாதபோது காலி சிபியுவை ரிப்போர்ட் எடுத்துக்கொண்டால் யாருக்கு நஷ்டம்? சிபியு தட்டுப்பட்டால் வேகம் குறையும், அவ்வளவுதான். மெமரி தட்டுப்பட்டால் சாவு. அதனால் மெமரிக்கு லிமிட் கட்டாயம், சிபியுவுக்கு ரிக்வெஸ்ட் கட்டாயம்.

---

பழைய_சர்வர் | சனி, இரவு 10:40

ரிக்வெஸ்ட்டை ஒழுங்காகப் போடும் ஆளாக இருந்தால் சரி. நான் பார்த்த யாமல்களில் பாதியில் அந்த வரியே இருந்ததில்லை. ஒரு வாடிக்கையாளருக்காகக் கிளஸ்டர் பார்த்துக்கொண்ட காலத்தில், ரிக்வெஸ்ட் இல்லாத ஒரு பாட் மற்ற எல்லாவற்றையும் திணறடித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

---

தறிக்காரன் | திங்கள், காலை 10:20

சிபியு லிமிட்டைத் தூக்கினேன், ரிக்வெஸ்ட் மூன்றுக்கும் போட்டேன், ஹீப் 70. பில் உடனே வருகிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து கன்ட்ரோல் பிளேனில் ஒரு ரீஸ்டார்ட் கூட இல்லை.

ஒரு சந்தேகம். கன்ட்ரோல் பிளேன் ஒன்றுதான் இருக்கிறது. வொர்க்கர் ஒன்றையும் கன்ட்ரோல் பிளேன் ஆக்கி இரண்டாக வைத்தால் பாதுகாப்புதானே?

---

யாழ்_கணினி | திங்கள், காலை 10:48

இல்லை, இன்னும் மோசம். எட்சிடிக்குப் பாதிக்கு மேல வாக்கு வேணும். இரண்டு பேரில பாதிக்கு மேல எண்டால் இரண்டு பேரும். ஆர் விழுந்தாலும் கிளஸ்டர் நிக்கும். ஒண்டு வையுங்கோ, இல்லாட்டி மூண்டு.

---

மேகமூட்டம் | திங்கள், காலை 11:05

காலண்டரில் ஒன்று குறித்துவையுங்கள் ப்ரோ. கியூப்அட்மின் போடும் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். அவற்றுக்குக் கையெழுத்திடும் சிஏவுக்கு மட்டும் பத்து வருடம். நடுவில் அப்கிரேட் செய்தால் தானாகப் புதுப்பித்துவிடும். செய்யாமல் விட்டால் சரியாக முதலாண்டு நிறைவு நாளில் கிளஸ்டர் யாரையும் உள்ளே விடாது. எங்களுக்கு அது ஒரு தீபாவளி விடுமுறையில் நடந்தது. செர்ட்ஸ் ரினியூ ஆல் போட்டுவிட்டு, கன்ட்ரோல் பிளேன் பாடுகளையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதை மறந்ததால் இன்னும் இரண்டு மணி நேரம் போனது.

---

பழைய_சர்வர் | திங்கள், மதியம் 12:30

எல்லாம் சரி. கன்ட்ரோல் பிளேன் ஒன்றுதான் என்கிறீர்கள். எட்சிடிக்கு பேக்அப் இருக்கிறதா?

---

தறிக்காரன் | திங்கள், மதியம் 12:41

இருக்கிறது அண்ணே! தினமும் இரவு 2 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுக்க க்ரான் போட்டுவிட்டேன். ஏழு நாள் கணக்கு வைத்திருக்கும்.

---

பழைய_சர்வர் | திங்கள், மதியம் 12:44

எங்கே சேமிக்கிறது?

---

தறிக்காரன் | திங்கள், மதியம் 12:52

அதே மெஷினில்தான். அதே எஸ்எஸ்டியில்.

சரி, புரிந்தது. மாற்றிவிட்டு வருகிறேன்.